மாசானத்துக்கு மட்டும் பாதி அடி

1 ஜூன் 2024, சனி

கல்லூரிக் கணினிக் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்ததில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். எந்த இயந்திரத்தில் என்ன மாற்றினோம் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து நாமே மண்டையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கல்லூரிக்கு அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்டத்துக்கு இதுவரை இல்லை. இன்று தொடங்குகிறேன்.

ஆட்டம் என்றால் துப்பாக்கி ஆட்டம். நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம், நடுவே மணல் நிறத்தில் ஆளில்லாத ஒரு ஊர். 2003இல் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆட ஆரம்பித்தோம். அந்த இடத்தில் பிறகு செருப்புக் கடை வந்து, அதுவும் போய்விட்டது. நாங்கள் மட்டும் விடவில்லை. என் வீட்டு மாடி அறையில் இருக்கும் பழைய கணினிதான் இப்போது சர்வர். சனி, ஞாயிறு மாலை நாலு மணிக்கு எட்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்து அதில் வந்து சேர்வோம். வெள்ளைப்பாண்டி மட்டும் ஷார்ஜாவிலிருந்து.

நான் அட்மின். எஸ்கேப் பொத்தானுக்குக் கீழே உள்ள பொத்தானைத் தட்டினால் திரையின் மேல்பாதியில் கறுப்புப் பலகை ஒன்று இறங்கும். அதன் பெயர் கன்சோல். அதில் கட்டளை எழுதினால் ஆட்டம் கேட்கும். ஊரை மாற்றலாம், ஆளை வெளியேற்றலாம், பூமியின் ஈர்ப்பைக்கூடக் குறைக்கலாம். என் வீட்டில் என் சொல்லைக் கேட்கிற ஒரே பொருள் அதுதான் என்று என் மனைவி ஜெயசீலி சொல்வாள்.

இன்று மாற்றியது: ஒரு ரவுண்டுக்கு இரண்டரை நிமிடம் என்றிருந்ததை இரண்டு நிமிடமாக்கினேன். காரணம் மாசானம். செத்தவன் ரவுண்டு முடியும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. மாசானம் இப்போதெல்லாம் முதல் பத்து விநாடியிலேயே செத்துவிடுகிறான்.

2 ஜூன், ஞாயிறு

மாற்றம் எதுவும் இல்லை. மாசானம் இருபது ரவுண்டில் இருபது முறையும் முதலில் செத்தான்.

9 ஜூன், ஞாயிறு

மாசானத்தைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டு நகராது போலிருக்கிறது.

திருநெல்வேலி டவுனில் இருக்கிறான். நில அளவையர். எங்கள் எட்டுப் பேரில் குறி தவறாதவன் அவன்தான். நானும் அவனும் ஒரே அணியில் ஆடியதே இல்லை. இருபது வருடமாக எதிரெதிர்தான், சேர்ந்து ஆடினால் எங்களுக்கு ருசிக்காது. போன நவம்பரில் அவன் வலது கையிலிருந்து அளவுச் சங்கிலி நழுவியது. டிசம்பரில் மதுரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகும் நோய். கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. எத்தனை மாதம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்று ஆட்டம் முடிந்ததும் ஹெட்போனில் என்னிடம் சொன்னான், கொஞ்சம் குழறலாக: "எபி, அடுத்த வாரம் நான் வரலைல. ஒரு மணி நேரத்துல ஆறு நிமிசம் ஆடுதேன். மிச்ச நேரம் வேடிக்கதான் பாக்கேன்."

அடுத்த வாரம் ஒரு தடவை மட்டும் வந்து பார் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அவன் வீடு இங்கிருந்து ஏழு கிலோமீட்டர். ஜனவரியில் போய்ப் பார்த்தேன். பிறகு செமஸ்டர் தேர்வு, பிறகு வெயில். அடுத்து டவுனில் ஆனித் திருவிழாக் கூட்டம் வந்துவிடும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

12 ஜூன், புதன்

ஒரு ஆளுக்கு விழும் அடியை மட்டும் குறைக்க ஒரு கட்டளை இருக்கிறது. பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் முழு அடி. அரை என்றால் பாதி அடி.

சாதாரணமாக நெஞ்சில் ஒரு தோட்டா பட்டால் நூறு உயிரில் முப்பத்தைந்து போகும். மூன்று பட்டால் ஆள் காலி. தலையில் என்றால் ஒன்றே போதும். எங்கள் எட்டுப் பேருக்கும் இது வாய்ப்பாடு மாதிரி. பாதி அடி என்றால் ஆறு தோட்டா தாங்குவான், தலையில் ஒன்று பட்டாலும் பிழைத்துக்கொள்வான்.

அட்மின் எதைத் தட்டினாலும் எல்லார் திரையிலும் ஒரு வரி அறிவிப்பு வரும். அதை நிறுத்தவும் ஒரு கட்டளை உண்டு. இன்று கணினியே ஆட்டும் பொம்மை ஆட்களை வைத்துச் சோதித்தேன். இரண்டும் வேலை செய்கின்றன.

15 ஜூன், சனி

மாற்றியது: மாசானம், அரை. அறிவிப்பு, நிறுத்தம்.

அவன் முழு ரவுண்டும் உயிரோடு இருந்தான். ஒன்றில் அல்ல, ஐந்தில். பாண்டியை ஒரு முறை சுட்டே விட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். காசிம்கூடத் தட்டினான். மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன், லேசில் யாரையும் பாராட்ட மாட்டான்.

அடி விழும்போது திரையின் மூலையில் உயிரின் எண் குறையும். முப்பத்தைந்துக்குப் பதில் பதினேழு குறைவதை மாசானம் கவனிக்க மாட்டான். ஓடுகிற ஓட்டத்தில் யார் மூலையைப் பார்க்கிறார்கள்.

மனசு நிறைவாக இருந்தது. கீழே போய் ஜெயசீலிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

16 ஜூன், ஞாயிறு

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அடியில் அரை வாளி சேறு. மாலையில் மாசானம் ஏழு ரவுண்டில் கடைசிவரை நின்றான். ஆனால் அதிகம் பேசவில்லை. பேசுவது இப்போது அவனுக்குச் சிரமம்தான்.

29 ஜூன், சனி

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு கணினிக்கும் நடுவே பலகைத் தடுப்பு இருந்தது, முகம் தெரியாது. ஆகவே செத்தவன் தடுப்புக்கு மேலே கையைத் தூக்க வேண்டும். ஒழுங்காக என்னைக் கொன்றாய், ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கை தூக்காதவனை நாங்கள் மதிப்பதில்லை. இப்போது அவரவர் வீட்டில் கையைத் தூக்கினால் தெரியாது என்பதால் எழுத்தில் "கை" என்று தட்டுகிறோம்.

இன்று காசிம் மாசானத்தைத் தலையில் சுட்டான். மாசானம் சாகவில்லை. ஆனால் "கை" என்று தட்டினான். தட்டிவிட்டு, அந்த ரவுண்டு முடியும்வரை சுவரோரம் அசையாமல் நின்றான். யார் அடித்தும் திருப்பிச் சுடவில்லை.

விரல் தவறிப் பட்டிருக்கும். இடது கையால் மட்டும்தான் தட்டுகிறான்.

6 ஜூலை, சனி

இன்றும் மூன்று முறை சாகாமலேயே "கை". ஒவ்வொரு முறையும் சுவரோரம் போய் நின்றான். கையின் நடுக்கம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். சண்முகக்கனிக்கு, அதாவது அவன் மனைவிக்கு, போன் செய்து விசாரிக்க வேண்டும்.

13 ஜூலை, சனி

மாற்றியது: மாசானம், அரையிலிருந்து கால். சுவரோரம் நிற்கும்போது அடி அதிகம் படுகிறது, ஈடுகட்ட வேண்டும்.

சண்முகக்கனிக்குப் போன் செய்யவில்லை. கல்லூரியில் யுபிஎஸ் பழுது.

20 ஜூலை, சனி

காசிமின் குணம் இது: ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்து, கடையில் ஆள் இல்லாதபோது ஓட்டிப் பார்ப்பான். இன்று ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் நிற்கச் சொன்னான். போன வாரப் பதிவில் மாசானத்தின் தலையில் மூன்று தோட்டா பட்டும் ஆள் நிற்கிறான், இது எப்படி என்று கேட்டான். லைன் கோளாறாக இருக்கும் என்றான் பாண்டி. மூன்று வாரமாக ஒரே ஆளுக்கு மட்டுமா லைன் கோளாறு என்றான் காசிம்.

மாசானத்தின் மைக் திறந்திருந்தது. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் காசிம் என்னிடம் வந்தான். சர்வரில் யார் என்ன தட்டினாலும் லாக் ஃபைலில் பதிவாகுமே, அதைப் பார்த்துச் சொல் என்றான். "நீ அட்மின். நீ சொன்னா ஒத்துக்கிடுதோம்" என்றான்.

பார்க்கிறேன் என்றேன்.

22 ஜூலை, திங்கள்

சர்வரில் இடம் குறைந்துவிட்டது. பழைய லாக் ஃபைல்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மே மாதத்திலிருந்து உள்ளவற்றை அழித்தேன். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

27 ஜூலை, சனி

சர்வரில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சர்வர் சுத்தம் என்றால், கோளாறு மாசானத்தின் கணினியில் என்றாகிறது. அவன்தான் ஏதோ திருட்டு நிரல் போட்டிருக்கிறான் என்றாகிறது. இதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

2005இல் இதே மாதிரி ஒன்று நடந்தது. நாங்கள் அப்போது ஒன்பது பேர். மாசானத்தின் சொந்தச் சித்தி மகன் சுந்தரம், சுவருக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டும் நிரல் ஒன்றைப் போட்டு ஆடினான். கண்டுபிடித்தவனும் மாசானம்தான், எழுந்து வெளியே போ என்றவனும் அவன்தான். அவன் சித்தி வீட்டுக்கு வந்து அழுதும் அசையவில்லை. திருட்டு ஆட்டம் ஆடியவனுக்குத் திரும்ப இடமில்லை என்பது அன்றைக்கு அவன் போட்ட சட்டம்.

காசிம் இன்று மாசானத்திடம் நேராகக் கேட்டான். பேச முடியாவிட்டால் எழுது, நாளைக்குப் பதில் வேண்டும் என்றான். உடம்பு சரியில்லாதவனிடம் என்ன பேச்சு இது என்று பாண்டி சத்தம் போட்டான். அவனை நோயாளி என்று விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, அவன் என் சர்வேயர், அதனால்தான் கேட்கிறேன் என்றான் காசிம். அவன் குரல் உடைந்திருந்தது.

28 ஜூலை, ஞாயிறு

நாலு மணிக்கு எட்டு பேரும் வந்தார்கள். யாரும் துப்பாக்கியை எடுக்கவில்லை. எட்டு பொம்மைகள் அந்த மணல் ஊரின் நடுவில் நின்றன.

மாசானம் எழுத்தில் தட்டினான். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"நான்தான் போட்டேன். சாவு பிடிக்கல. மன்னிக்கணும்."

காசிம் ஹெட்போனைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பாண்டி, போகட்டும், சட்டத்தை எல்லாம் விடுங்கள் என்றான். மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். மாசானம் ஒப்புக்கொள்ளவில்லை.

"சுந்தரத்துக்கு ஒரு நாயம் எனக்கு ஒரு நாயமா. எபி, தட்டுல."

நான் கன்சோலைத் திறந்தேன். ஆளை நிரந்தரமாக விலக்கும் கட்டளை எனக்கு மனப்பாடம். அதோடு பெயர் எழுத வேண்டும். எழுதினேன். எழுதிய பிறகு ஒரு நிமிடம் போல என்டரைத் தட்டாமல் இருந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். மைக் என் வாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது.

மாற்றியது: மாசானம், விலக்கம்.

3 ஆகஸ்ட், சனி

ஏழு பேர். நாலுக்கு மூன்று. அடி குறைக்கும் கட்டளையையும் எடுத்துவிட்டேன், இனித் தேவையில்லை.

10 ஆகஸ்ட், சனி

ஐந்து பேர் வந்தார்கள். மழை இல்லை, ஆனால் காற்று. மாடிக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, கீல் மாற்ற வேண்டும்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கீல் மாற்றினேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று பேர். பாண்டி வேலை அதிகம் என்று வரவில்லை. காசிம் வந்தான், ஒரு ரவுண்டு ஆடினான், போய்விட்டான். போகும்போது, நான் கேட்டது தப்பாடே என்று கேட்டான். தப்பில்லை என்றேன். அது உண்மைதான். இந்த இரண்டு மாதத்தில் நான் சொன்ன உண்மை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

1 செப்டம்பர், ஞாயிறு

ஜெயசீலி துணி எடுக்க மாடிக்கு வந்தபோது நான் வெறும் கறுப்புப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாசானம் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் ஏன் போவதில்லை என்று கேட்டாள். வேலை என்றேன். எட்டு மாசமா என்றாள். பிறகு துணியை மடித்தாள்.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஜனவரியில் போனபோது காபி தந்தார்கள். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். வாயோரம் வழிந்து, தாடையிலிருந்து சட்டையில் சொட்டியது. என் பக்கத்தில் துண்டு கிடந்தது. எடுத்துத் துடைக்க என் கை எழவில்லை. அடுக்களையில் இருந்த சண்முகக்கனியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து துடைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டால் நான் வீட்டுக்குப் போய்த்தான் அவனைப் பார்க்க முடியும். ஜூன் மாதம் நான் பயந்தது அதற்குத்தான். பாதி அடி அவனுக்காக என்று எழுதி வைத்தேன். அது எனக்காக.

7 செப்டம்பர், சனி

போனேன்.

சண்முகக்கனி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. இத்தன மாசமா வழி தெரியாமப் போச்சா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது எனக்கு.

மாசானம் சன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தான். பாதி ஆளாகிவிட்டான். கணினி மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான், அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கிப் பேசினான். புரியாததைச் சண்முகக்கனி எனக்கு எடுத்துச் சொன்னாள்.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. நான்தான் செய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"மொத நாளே தெரியும்ல" என்றான். "நெஞ்சுல ஒண்ணு விழுந்துச்சு. எண்பத்திமூணு நின்னுச்சு. அளந்து பாத்தே பொழச்சவன்ட்ட போயி."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். செத்த எடத்துல எல்லாம் கைன்னு தட்டுனேன். நீ கால் பங்காக் கொறச்ச."

பழியை ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அதற்கு அவன் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னை விலக்கினால் சர்வர் போய்விடும், பயல்கள் எட்டுத் திசைக்குப் போய்விடுவார்கள், தான் எப்படியும் போகிறவன்தானே என்றான். கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அதன் பிறகு சொன்னதை நான் இங்கே மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீ வீட்டுக்கு வரல. அத நான் விட்டுட்டேன், நீ பயந்தவன். ஆனா ஆட்டத்துல எதுக்க நிப்பன்னு நெனச்சேன். இருவது வருசமா நின்னல்லா. அங்கயும் நீ நிக்கலல."

அழுதேன். நாற்பத்தைந்து வயதுக்காரன், அவன் முன்னால், அவன் மனைவி முன்னால்.

அவள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். வாசலில் நின்று சொன்னாள், "நோய் வந்தன்னைக்குக்கூட அவுக அழலண்ணே. காசிம் அண்ணன் திருட்டு ஆட்டமான்னு கேட்ட அன்னைக்கு அழுதாக. கண்ணத் தொடச்சுக்கிடவும் கை வரல. நாந்தான் தொடச்சேன்."

8 செப்டம்பர், ஞாயிறு

மற்ற ஆறு பேரையும் வரச் சொல்லியிருந்தேன். பாண்டி லீவு போட்டுவிட்டு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அரை, கால், நிறுத்திய அறிவிப்பு, அழித்த லாக் எல்லாம். இந்த நோட்டைப் பார்த்துத் தேதியோடு வாசித்தேன். அதற்குத்தானே எழுதி வைப்பது.

முடித்ததும் காசிம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. அவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மாசானம் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மாசானத்தின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று சண்முகக்கனி பிறகு சொன்னாள்.

மாற்றியது: மாசானம், விலக்கம் நீக்கம். அறிவிப்பு, மீண்டும் இயக்கம். அட்மின், காசிம். கடவுச்சொல் அவனிடம் தந்துவிட்டேன், சர்வரில் என் கட்டளை இனிச் செல்லாது. கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று: எபநேசர், விலக்கம். என் பெயரை நானே தட்டினேன். அறிவிப்பு இயக்கத்தில் இருந்ததால் எல்லார் திரையிலும் அந்த வரி வந்தது.

14 செப்டம்பர், சனி

நாலு மணிக்கு எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மாடியில் சர்வர் ஓடும் சத்தம் கேட்டது, உள்ளே ஆடுகிறார்கள், நான் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

மாசானத்தின் மடியில் பலகை வைத்து, அதில் மவுஸ் வைத்திருந்தார்கள். முழங்கையிலிருந்து கையை நகர்த்தி ஆடினான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து விநாடி, எட்டு விநாடி, பதினொன்று. எல்லா ரவுண்டிலும் முதலில் செத்தான். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செத்த பிறகு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து யார் எங்கே தவறினார்கள் என்று எனக்குச் சொன்னான். அவன் வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தேன். பிறகு துண்டை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

28 செப்டம்பர், சனி

இன்று அவன் ஓடவில்லை. ரவுண்டு தொடங்கியதும் நாலே எட்டு வைத்து, வடக்கு வாசலுக்குப் பக்கம் ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். துப்பாக்கியை வாசலின் வலது ஓரத்துக்கு நேராக, ஒரு ஆள் தலை உயரத்தில் வைத்தான். அப்படியே விட்டுவிட்டான். கை நகர வேண்டிய தேவையே இல்லாத இடமாகப் பார்த்திருந்தான். யாராவது வந்தால் ஒரு சொடுக்குப் போதும். பதினான்கு ரவுண்டு அப்படியே நின்றான். ஆட்கள் வேறு வழியாக வந்து பின்னாலிருந்து அடித்துப் போனார்கள். பதினைந்தாவதில் காசிம் வடக்கு வாசலில் திரும்பினான்.

ஒரே தோட்டா. தலை.

ஸ்பீக்கரில் காசிமின் குரல் வந்தது. "யார்ல அது?" என்றான். பிறகு திரையில் பெயரைப் பார்த்திருப்பான். "செத்தேன் சர்வேயரே" என்றான்.

சண்முகக்கனி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். மாசானத்தின் முகத்தை நான் இருபது வருடமாகப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் வைத்திருந்திருக்கிறேன். ஜெயித்தால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன். முதலில் மலர்ந்தது. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினான். மலர்ந்தது அடங்கிவிட்டது.

"நீ ஒண்ணும் பண்ணலைல்லா?"

"நான் ஒண்ணும் பண்ணலல" என்றேன். "என் கையில ஒண்ணும் இல்ல. பாஸ்வேர்டு காசிம்ட்ட இருக்கு. நீதான் சுட்ட."

தலையை அசைத்தான். திரையைப் பார்த்தான். அடுத்த ரவுண்டில் செத்தான். காத்திருக்கும் நேரத்தில் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். ஆட்டம் முடிந்து, கணினியை அணைத்து, நான் செருப்பு மாட்டும்போது சண்முகக்கனியை அனுப்பி என்னைத் திரும்பக் கூப்பிட்டான். கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூன்றாவது தடவையாக அதையே கேட்டான். இந்த முறை அவன் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை.

நியாயமாக அவனுக்குக் கிடைத்த ஒன்றை, கிடைத்த அன்றே நம்ப முடியாமல் செய்துவிட்டேன். இதைச் சரிசெய்யக் கட்டளை கிடையாது. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் நின்ற இடம், குறி வைத்த உயரம், காசிம் திரும்பிய விதம் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக அவனுக்கே சொன்னேன். நாளைக்கும் கேட்பான். நாளைக்கும் போவேன்.